சாவி யார் பையில்?

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்குத்தான் பசை வாடையில் தலைவலி வருகிறது. பைண்டிங் கடையின் புது முதலாளி ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. "தாள் பறந்துடக் கூடாதாம். ஆள் மயங்கி விழுந்தா பரவாயில்லையாம்" என்கிறாள் அம்மா.

போனில் கூப்பிட்டால் நீங்கள் எப்போதும் ஏதாவது ஒரு லிப்டுக்குள் இருக்கிறீர்கள். பாதி வாக்கியம் எங்கோ ஒரு மாடியிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். நீங்கள் சொன்னபடி லிப்ட் கம்பெனி முகவரிக்கே அனுப்புகிறேன்.

பெரிய செய்தி: நம் இரண்டடுக்கு ராக்கெட்டின் உடம்பு தயார்! அதன் படத்தை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா கடையிலிருந்து கொண்டுவந்த பழுப்புத் தாளைச் சுற்றிப் பசை தடவிக் குழாய்கள் செய்தேன். மேலடுக்கின் அடிப்பாகம் கீழடுக்குக்குள் தொளதொளவென்றும் இல்லாமல், இறுகியும் இல்லாமல், கொஞ்சம் உதறினால் மட்டும் கழன்று விழுகிற மாதிரி உட்கார வேண்டும். அது வருவதற்குள் நிறையக் குழாய்களைப் பாழாக்கினேன். "இந்நேரம் ஒரு அலமாரிப் புஸ்தகத்தை பைண்ட் பண்ணியிருக்கலாம்" என்றாள் அம்மா. ஆனால் அவள்தான் கடைசிக் குழாயின் ஓரத்தைக் கத்தியால் ஒரே இழுப்பில் சீவிக் கொடுத்தாள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கே புரிகிறது. கீழடுக்கு மோட்டாரில் அடைத்த மருந்து எரிந்து முடிகிற நொடியில் அதன் தீ மேலே பாய்ந்து மேலடுக்கு மோட்டாரைப் பற்றவைக்கும். பற்றியதும் கீழடுக்கு கழன்று விழுந்துவிடும். நாம் இதுவரை ஒற்றை அடுக்குதான் விட்டிருக்கிறோம். இது நம் இருவருக்கும் முதல் முறை.

இல்லாதது சாவி மட்டும்தான். போன வருஷம் நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நாம் ராக்கெட் விட்டோமே, அன்றைக்கு ராக்கெட்டைப் பற்றவைக்கும் விசைப்பெட்டியின் சாவி உங்கள் சட்டைப் பையிலேயே போய்விட்டது. அந்தச் சின்னப் பித்தளைக் கம்பியைச் செருகாமல் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. "ராக்கெட் பக்கம் போறவன் பையில சாவி இருக்கணும். அப்பத்தான் பின்னால இருக்கிறவன் அவசரப்பட்டாலும் போனவன் முகம் கருகாது" என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்.

தாள் தைக்கிற தன் தடி ஊசி அந்த ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் என்கிறாள் அம்மா. வேண்டாம் என்றுவிட்டேன். சாவியோடு நீங்கள் வாருங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பட்டாசு

---

ஜூன் 30

கண்ணு பட்டாசு,

நான் நல்லா இருக்கிறேன். முழங்கால் பழையபடி முனகுகிறது. ஆனால் வேலையில் குறை இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை மேலே போய் வருகிறேன், பாராசூட் இல்லாமலே!

உன் படத்தை மூன்று முறை பார்த்தேன். என் மகள் என்று நாலு பேரிடம் காட்டலாம் போல இருந்தது. அளவுகளை இன்னும் கொஞ்சம் விவரமாக வரைந்து அனுப்பு. இறக்கைகளின் நீள அகலம் வேண்டும். சரிபார்த்துச் சொல்கிறேன்.

சாவி பத்திரமாக இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் லீவு போட்டு வருகிறேன். நான் வராமல் விடக்கூடாது, சொல்லிவிட்டேன். முதல் இரண்டடுக்கு நாம் சேர்ந்துதான்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அப்பா

---

ஜூலை 8

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள் அம்மா. அதாவது, "ஒத்தடம் குடுக்க அங்க ஆள் இருக்கும்" என்றாள். கம்பெனி நண்பர்களைச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

விவரமான படம் இத்துடன் இருக்கிறது. கீழடுக்கின் இறக்கைகளை ஏன் பெரிதாக வரைந்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். இரண்டு மோட்டார்களும் அடியில் இருப்பதால் வால் கனம். வால் கனத்தால் ராக்கெட் குட்டிக்கரணம் போடும். நூலில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்த்தேன். முதலில் வால் முன்னால் வந்தது. இறக்கைகளைப் பெரிதாக்கி, மூக்கில் கொஞ்சம் களிமண் அடைத்த பிறகு மூக்கு முன்னால் வந்தது. சுழற்றியதில் அலமாரி மேலிருந்த கடிகாரம் விழுந்துவிட்டது. ஓடுகிறது, ஆனால் மணி மட்டும் தப்பாக அடிக்கிறது.

விளையாட்டு ஆசிரியர் மைதானம் தருகிறார். அவரை நாங்கள் 'விசில்' என்போம், தூங்கும்போதும் கழுத்தில் விசில் இருக்குமாம். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை காலை. "பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணும். தலைமையாசிரியைகிட்ட நான் மாட்டிக்க மாட்டேன்" என்றார். என் அப்பா வருவார் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். இரண்டு மோட்டார்களையும் சேர்த்து டேப் ஒட்டும்போது ஒரு சுற்றா, இரண்டு சுற்றா?

அம்மா உங்கள் கடிதங்களைப் படிப்பதில்லை. ஆனால் நேற்று தாளை மட்டும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நாலு கோடு நோட்டு. சின்னப் பிள்ளைங்க எழுதிப் பழகறது" என்றாள். பைண்டிங் கடைக்காரிக்கு எதைப் பார்த்தாலும் தாள்தான்! கம்பெனியில் வேறு தாள் தர மாட்டார்களா? இங்கிருந்து அனுப்பவா?

உங்கள்
பட்டாசு

---

ஆகஸ்ட் 2

கண்ணு பட்டாசு,

நலம். நீயும் அம்மாவும் நலம்தானே?

டேப் ஒரே சுற்றுதான். இரண்டு சுற்றினால் கீழடுக்கு கழல மறுத்து, இரண்டும் சேர்ந்து விழும். வழுவழுப்பான டேப் போடாதே, கையெழுத்துப் போடக்கூடிய மாதிரி சொரசொரப்பாக ஒன்று இருக்கிறது, அதை வாங்கு. சின்னக் கைக்கு நேராக ஒட்ட வராது. மேசை ஓரத்தில் டேப்பின் நுனியை ஒட்டிவைத்து, மோட்டாரை உருட்டினால் தானே சுற்றிக்கொள்ளும்.

திரியைக் கீழ் மோட்டாரில் மட்டும் வை. கீழ் மோட்டார் அட்டையில் கடைசி எண் பூஜ்யம்தானா, அதாவது தாமதமே இல்லாததுதானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார். மாற்றி வைத்தால் மேலடுக்கு நேரத்துக்குப் பற்றாது. ராக்கெட் தலை கவிழ்ந்த பிறகு பற்றினால் அது நம்மைப் பார்த்து வரும். ஓட வேண்டியதுதான்!

மேலடுக்கு பற்றுகிற நொடியில் ஒரு சின்ன வாலாட்டல் இருக்கும். நாய்க்குட்டி ஓடுவதற்கு முன்னால் பின்பக்கத்தை ஆட்டுமே, அப்படி. உடனே நேராகிவிடும். பயந்துவிடாதே. அதுதான் அழகே. ஒரு தடவை பார்த்தால் போதும், பிறகு ஒற்றை அடுக்கு விடவே மனசு வராது.

வேலை இருக்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.

அப்பா

---

ஆகஸ்ட் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே மழை என்று செய்தியில் சொன்னார்கள், நனைய வேண்டாம்.

நீங்கள் எழுதியதிலேயே நீளமான கடிதம் இதுதான். ஐந்தாறு தடவை படித்தேன். மேசை ஓரத்தில் உருட்டும் வித்தை அருமை. என் கைகள் இப்போது சின்னக் கைகள் இல்லை, அம்மாவின் வளையல் எனக்குப் போகவில்லை, அது வேறு விஷயம்.

இரண்டு கேள்விகள். முதலாவது, அந்த வாலாட்டலை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? நான் நூலகத்தில் இருக்கிற எல்லாப் புத்தகத்திலும் தேடினேன். டேப் இருக்கிறது, பூஜ்யம் இருக்கிறது, தலை கவிழ்வது இருக்கிறது. வாலாட்டல் எதிலும் இல்லை.

இரண்டாவது, சனிக்கிழமை வருவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எந்த வண்டி என்று தெரிந்தால் நிலையத்துக்கு வருவேன்.

உங்கள்
பட்டாசு

---

ஆகஸ்ட் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமில்லாமல் போயிருக்குமோ என்று நேற்று முழுக்க நினைத்தேன். போன் அடித்து அடித்து நின்றது.

நேற்று என் வகுப்பில் பாதிப் பேர் மைதானத்துக்கு வந்திருந்தார்கள். கம்பி நட்டு, ராக்கெட்டை அதில் கோத்து, பேட்டரியை இணைத்து, விசைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வண்டிகள் வரும் நேரம் எனக்குத் தெரியும். மூன்றும் வந்து போயின.

விசில் சார், "என்னம்மா, உங்க அப்பா ராக்கெட்லயே வர்றாரா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, எனக்குத் தன் குடையைக் கொடுத்தார்.

அம்மா கடையில் சொல்லிவிட்டு நடுவில் வந்தாள். கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் வந்து மெதுவாக, "ஊசி கொண்டுவந்திருக்கேன்" என்றாள்.

"வேணாம்மா. அப்பா சாவியோட வருவார்."

"ஊசியும் கம்பிதான், அதுவும் கம்பிதான்டி."

"உனக்குப் புரியாது."

அவள் ஊசியைப் புடவையில் குத்திக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனாள். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

பிறகு காற்று ஏறிவிட்டது. காற்றில் விட்டால் ராக்கெட் காற்றுப் பக்கம் சாயும், சாய்ந்த பிறகு மேலடுக்கு பற்றினால் தெருவுக்குப் போய்விடும். எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். தேர்வுக்குப் பிறகு, அக்டோபரில் இன்னொரு சனிக்கிழமை தருகிறாராம். அதுதான் கடைசி, பிறகு மைதானத்தில் கட்டடம் வருகிறது.

நீங்கள் வர முடியாவிட்டால் சாவியையாவது அனுப்புங்கள்.

பட்டாசு

---

செப்டம்பர் 20

கண்ணு,

மன்னித்துக்கொள். அன்றைக்கு ஒரு கட்டடத்தில் லிப்ட் பாதியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். போனைப் பார்க்கவே நேரமில்லை. அக்டோபரில் வரப் பார்க்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது.

சாவியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஜாக்கிரதையாக விடு. எப்படிப் பறந்தது என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

---

செப்டம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பத்திரமாக வெளியே வந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

சாவி வந்தது. உறையைப் பிரித்ததும் வேறு சாவியோ என்று நினைத்தேன். இது பித்தளை. சும்மா கிடந்தால் கறுத்துப்போகும். நம் வீட்டுக் கதவுப் பிடியில் நாம் பிடிக்கிற இடம் மட்டும் பளபளக்கும், மற்ற இடம் கறுத்திருக்கும், பார்த்திருக்கிறீர்கள்தானே? இந்தச் சாவியும் செருகுகிற இடத்தில் மட்டும் பளபளக்கிறது.

அதில் என் பழைய சிவப்பு ரிப்பனைக் கட்டியிருந்தேன். ரிப்பன் அதேதான். முடிச்சு வேறு. ஷூ கட்டப் பழகுகிறவர்கள் போடுகிற இரட்டைக் காது முடிச்சு.

அந்த வாலாட்டலை எங்கே பார்த்தீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

உங்கள் மகள்

---

அக்டோபர் 3

அக்கா,

நீங்க நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இருக்கேன். நான் மூணாம் வகுப்பு படிக்கிறேன். உங்க அட்ரஸ் ராக்கெட் படத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. அதப் பாத்து எழுதறேன். அப்பாவுக்குத் தெரியாது.

நீங்க அப்பாவோட சிநேகிதர் பொண்ணுன்னு அப்பா சொன்னாங்க. நீங்க ரொம்ப அறிவாளியாம். உங்க படத்தப் பாத்துதான் நாங்க ரெண்டு அடுக்கு ராக்கெட் செஞ்சோம். நாலு தடவ விட்டோம். என் பிறந்தநாள் அன்னைக்கு விட்டதுதான் சூப்பர். ஆகஸ்ட் மாசம் கடைசி சனிக்கிழமை. எங்க தெருவே பாத்துச்சு. நாய்க்குட்டி மாதிரி வாலாட்டிட்டு மேல போச்சு. நான்தான் அப்பாகிட்ட அப்படி சொன்னேன்.

இப்ப சாவி உங்ககிட்ட இருக்குன்னு அப்பா சொன்னாங்க. ஆணி வைக்கலாம்னு நான் கேட்டேன். சாவி வரட்டும்னு சொல்லிட்டாங்க. நீங்க விட்டு முடிச்சதும் திருப்பித் தர்றீங்களா?

முன்னாடி எனக்கு அப்பா இல்ல. இப்ப இருக்காங்க. என் நோட்டுல இருந்து தாள் கிழிச்சு உங்க அப்பாவுக்கு லெட்டர் எழுதுவாங்க. டீச்சர் என்னத் திட்டுவாங்க.

உங்க அப்பாவக் கேட்டதா சொல்லுங்க.

இப்படிக்கு
பட்டாசு
(அப்பா என்ன அப்படித்தான் கூப்பிடுவாங்க)

---

அக்டோபர் 7

அப்பாவுக்கு,

இத்துடன் ஒரு கடிதத்தின் நகல் வைத்திருக்கிறேன். அசல் எனக்கு வந்தது, அதனால் தர மாட்டேன்.

அம்மாவும் படித்தாள். தாளின் கோடுகள் மேல் விரலை ஓட்டினாள். "கையெழுத்து நல்லா இருக்கு" என்றாள். பிறகு எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீங்கள் எழுத வேண்டியதில்லை.

---

அக்டோபர் 15

கண்ணு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், உன் படிப்பு கெடக்கூடாது என்று. பெரியவர்கள் விஷயம் எழுத்தில் சொன்னால் தப்பாகத் தெரியும். நேரில் வந்து சொல்கிறேன். நீ புத்திசாலி, புரிந்துகொள்வாய்.

உன் படத்தைக் காட்டியது தப்பா? அந்தச் சின்னவள் ஏதாவது பறக்கவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்தது ராக்கெட் ஒன்றுதான். அந்தப் பெயரும் வாயில் தானாக வந்துவிட்டது. நினைத்துச் செய்யவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அவள் குழந்தை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம் எதுவும் சொல்லிவிடாதே. பதில் வருமா வருமா என்று தினமும் தபால்காரரைப் பார்க்கிறாள்.

முடிந்தால் அந்தச் சாவியையும் அனுப்பு.

அப்பா

---

அக்டோபர் 25

அன்புள்ள பட்டாசுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று படித்து மகிழ்ச்சி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் கையெழுத்து அழகாக இருப்பதாக என் அம்மா சொன்னாள். அவள் தாள், எழுத்து விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள்.

நேற்று எங்கள் ராக்கெட்டை விட்டோம். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி விதி. என் அம்மா இருந்தாள். உன்னுடைய சாவியை நான் பயன்படுத்தவில்லை. என் அம்மாவிடம் தாள் தைக்கிற தடி ஊசி ஒன்று இருக்கிறது. அது ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தியது. முன்பே பொருந்தியிருக்கும். நான்தான் வைத்துப் பார்க்கவில்லை.

நான் ராக்கெட் பக்கம் போய்த் திரியை மாட்டிவிட்டு வரும் வரை ஊசி என் பையில் இருந்தது. திரும்பி வந்ததும் அம்மாவிடம் கொடுத்து, அவளையே செருகி அழுத்தச் சொன்னேன். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்றாள். அழுத்தியதும் சத்தத்துக்குப் பயந்து விளையாட்டு ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பயத்தில் விசில் ஊதிவிட்டார்.

கீழடுக்கு கழன்று கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. அதன் வேலை அவ்வளவுதான். உள்ளே கருகியிருந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். மேலடுக்கு மேகம் வரை போய்ப் பாராசூட்டை விரித்தது. கூரைகளுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, கிடைக்கவில்லை. வாலாட்டல் இருந்தது. நாய்க்குட்டி மாதிரிதான். நீ சொன்னது மிகவும் சரி. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

சாவியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முடிச்சை அவிழ்க்கவில்லை. நீ போட்டதுதானே, நன்றாக இருக்கிறது. ரிப்பனையும் நீயே வைத்துக்கொள்.

இதற்கு ஒரு விதி உண்டு. உன் அப்பா சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். ராக்கெட் பக்கம் யார் போகிறார்களோ, அவர்கள் பையில் சாவி இருக்க வேண்டும். நீ போகும்போது கேட்டு வாங்கிக்கொள். விட்டு முடித்த பிறகும் திருப்பிக் கொடுக்காதே. அப்பா எங்காவது வெளியூர் கிளம்பினால், முதலில் அவர் சட்டைப் பையைப் பார்.

நன்றாகப் படி. டீச்சர் திட்டினால், தாள் கிழித்தது நீ இல்லை என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் சிநேகிதர் மகள்